உங்கள் ஊர் நூலகத்தில் மனித நூலகம் நடத்த: அனுமதிக் கடிதத்திலிருந்து கடைசி டீ வரை

மனித நூலகம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசைவிழாவில் தொடங்கிய முறை இது. அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதர் வந்து உட்காருவார். அவரைப் போன்றவர்களைப் பற்றி ஊர் ஏற்கெனவே ஒரு முடிவு கட்டி வைத்திருக்கும்: திருநங்கை, தொழுநோயிலிருந்து குணமானவர், குடியை விட்டவர், ஜெயிலுக்குப் போய் வந்தவர், வடமாநிலத் தொழிலாளி. வாசகராக வருபவர் அவர் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்து அவருடைய வாழ்க்கையைக் கேட்கலாம். இத்தனை நாள் கேட்கத் தயங்கிய கேள்விகளையும் கேட்கலாம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. மேடை, சொற்பொழிவு, பட்டிமன்றம் எதுவும் கிடையாது.

கொங்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பேரூராட்சியின் கிளை நூலகத்தில், வாசகர் வட்டம் மூலமாக இதை நடத்தினோம். யாருக்கு என்ன கடிதம் கொடுக்க வேண்டும், எவ்வளவு பணம் ஆகும், வருகிறவர்களை எப்படித் தயார்ப்படுத்துவது என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஆறு முதல் எட்டு வாரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ‘புத்தகமாக’ வரும் சிறிய நிகழ்ச்சிக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய் போதும். உதவிக்கு ஐந்தாறு தன்னார்வலர்கள் வேண்டும்.

## 1. பெயரை முதலில் முடிவு செய்யுங்கள்

‘ஹியூமன் லைப்ரரி’ என்ற பெயர் டென்மார்க்கைச் சேர்ந்த அமைப்பின் பதிவு செய்யப்பட்ட வணிகக்குறி. அந்தப் பெயரிலும் சின்னத்திலும் நடத்த வேண்டுமானால் அவர்களிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அவர்களிடம் பயிற்சிக் குறிப்புகளும் அனுபவமும் இருக்கின்றன. தொடர்ந்து நடத்தும் எண்ணம் இருந்தால் எழுதிக் கேளுங்கள். ஒரே ஒரு நாள் நிகழ்ச்சிதான் என்றால் சொந்தப் பெயர் வைத்துக்கொள்வது சுலபம். நாங்கள் ‘எதிரே ஒரு நாற்காலி’ என்று வைத்தோம். இணையத்தில் கிடைக்கும் சின்னத்தை எடுத்து பேனரில் போட்டுவிடாதீர்கள்.

## 2. இடமும் அனுமதியும்

பள்ளி, கல்யாண மண்டபம், கோயில் மண்டபம், கட்சி அலுவலகம், சங்கக் கட்டடம் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒரு சாரார் வரத் தயங்குவார்கள். நூலகத்துக்குள் யாரும் யாரையும் கேட்காமல் நுழையலாம். அதனால் கிளை நூலகத்தையே முதலில் முயலுங்கள்.

நூலகர் “தாராளமா பண்ணுங்க” என்று வாயால் சொல்வார். மனதாரத்தான் சொல்வார், ஆனால் அனுமதி கொடுக்கும் அதிகாரம் மாவட்ட நூலக அலுவலரிடம் இருக்கிறது. வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தை நூலகரின் பரிந்துரையோடு அவருக்கு அனுப்புங்கள். கடிதத்தில் இவையெல்லாம் இருக்கட்டும்: தேதி, நேரம், வரக்கூடியவர்கள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி கிடையாது, கட்டணம் கிடையாது, கட்சி சார்பு கிடையாது, மின்சாரம் தவிர நூலகத்துக்குச் செலவு கிடையாது, முடிந்தபின் சுத்தம் செய்து ஒப்படைப்போம். ‘புத்தகமாக’ வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்பார்கள். தலைப்புகளை மட்டும் கொடுங்கள். பெயர் வேண்டும் என்று வற்புறுத்தினால் நேரில் போய் விளக்குங்கள். காகிதத்தில் எழுதி வைத்த பெயர் எந்தக் கோப்பில் யார் கையில் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் தொலைந்துபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பதில் வர மூன்று வாரம் வரை ஆகலாம். பத்து நாளுக்கு ஒருமுறை நேரில் போய் விசாரியுங்கள், போனில் வேலை நடக்காது.

தேதி குறிக்கும்போது இரண்டு விஷயம். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வாசல் போர்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த விடுமுறை நாளையே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. அப்புறம், டிஎன்பிஎஸ்சி தேர்வு நெருங்கும் மாதத்தில் வேண்டவே வேண்டாம். காலையிலிருந்து இரவு வரை அங்கே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மேசைதான் எல்லாம். அவர்களை எழுப்பிவிட்டு நாம் மனிதநேயம் பேசினால் அது எடுபடாது. முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி, மாற்று இடம் ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் நிகழ்ச்சியில் தன்னார்வலர்களாக வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

தரைத்தளமா, சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறை திறந்திருக்குமா, தண்ணீர் வருமா என்று நீங்களே போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே அன்றைய நோக்கம் கெட்டுவிடும்.

## 3. ‘புத்தகங்களை’த் தேடுவது

இதற்குத்தான் அதிக நேரம் வேண்டும், மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். முதல் நிகழ்ச்சிக்கு ஆறு பேர் போதும். இருபது பேரைச் சேர்த்தால் ஒருவரைக்கூட ஒழுங்காகத் தயார்ப்படுத்த முடியாது.

நேராகப் போய் “உங்கள் கதையைச் சொல்ல வருகிறீர்களா” என்று கேட்காதீர்கள். அவர் நம்பும் ஒருவர் மூலமாகப் போங்கள்: குடிநோயாளிகள் சந்திப்புக் குழுவில் மூத்தவர், தொழுநோய் மறுவாழ்வுக் குடியிருப்பில் வேலை செய்யும் செவிலியர், திருநங்கைகளின் குழுவான ஜமாத்தில் மூத்தவர், சுயஉதவிக் குழுத் தலைவி. முதல் சந்திப்பில் நிகழ்ச்சி என்ன என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பதிலை இரண்டாம் சந்திப்பில் கேளுங்கள். முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கிச் “சரி” என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அவருக்கு மறுக்க ஒரு வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்.

யாரை அழைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம்.

காயம் இன்னும் ஆறாதவர் வேண்டாம். கேட்பவர் எதிரே உடைந்துபோனால் அந்தச் சுமையை நீங்கள் அவர்மேல் ஏற்றியதாகத்தான் அர்த்தம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. அனுபவம் இல்லாத அமைப்பாளர்கள் அந்தத் தலைப்பைத் தொட வேண்டாம்.

மற்றவர் சார்பாகப் பேசுகிறவர் வேண்டாம். மனநல மருத்துவர் நன்றாகப் பேசுவார், தொண்டு நிறுவனத்துக்காரர் இன்னும் நன்றாகப் பேசுவார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது மருந்து சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகும் மனிதர். அவர் குரலில்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, சாதனையாளர் வேண்டாம். அழைக்கச் சொல்லி எல்லோரும் உங்களிடம் பரிந்துரைப்பது இவரைத்தான். பெரிய பதவிக்கு வந்த திருநங்கை, பதக்கம் வாங்கிய மாற்றுத்திறனாளி. அவர்களைக் கேட்டுவிட்டுப் போகிற வாசகர் “இவங்க வேற மாதிரி” என்று ஒரு விதிவிலக்குப் பெட்டியில் போட்டுவிடுவார்; மற்ற திருநங்கைகளைப் பற்றிய எண்ணம் அசையாது. வாடகை வீடு தேடுகிற, ரேஷன் கடையில் நிற்கிற, பால் வியாபாரம் செய்கிற ஒருவர்தான் வேண்டும். அவருடைய நாள், கேட்பவரின் நாளோடு எங்காவது ஒட்டும்.

வடமாநிலத் தொழிலாளியை அழைத்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவிய நாட்களில், இங்கே மில்லிலும் பனியன் கம்பெனியிலும் எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள் என்று எங்கள் பகுதிக்குத் தெரியும். பக்கத்திலேயே வாழ்ந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத இரண்டு கூட்டங்கள் இருந்தால் வதந்திக்கு வேலை சுலபம். அதனால் இந்தத் தலைப்பைக் கட்டாயம் சேருங்கள். ஆனால் கம்பெனி மேற்பார்வையாளரையோ விடுதி வார்டனையோ மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் அந்தத் தொழிலாளி “எல்லாம் நல்லா இருக்கு” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒடியா பேசும் கல்லூரி மாணவர், இந்தி தெரிந்த தபால் ஊழியர் என்று வெளியாளைத் தேடுங்கள். அவருக்கும் ஒத்திகை உண்டு: தொழிலாளி சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், சேர்த்துச் சொல்வதோ மெருகேற்றுவதோ கூடாது.

சாதியைப் பற்றிய தலைப்பை விட்டுவிடலாமா என்று குழுவில் யாராவது கேட்பார்கள். விடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. நம் ஊரில் தப்பெண்ணம் குறைக்கும் நிகழ்ச்சி நடத்தி அதில் சாதி இல்லையென்றால் அது முழுமையாகாது. அதே சமயம் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் வந்தால், அவர் வேலை செய்யும் இடம், வார்டு, ஒப்பந்தக்காரர் பெயர் எதுவும் அட்டையிலோ அறிவிப்பிலோ வரக் கூடாது. திங்கட்கிழமை அவருக்கு அந்த வேலை இருக்க வேண்டும்.

## 4. தலைப்பும் அட்டையும்

ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்பு, இருபது சொல்லில் ஒரு பின்னட்டைக் குறிப்பு. இரண்டையும் அவரே தீர்மானிக்கட்டும். ஊர் அவரை எந்தச் சொல்லால் குத்துகிறதோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைக்கச் சிலர் விரும்புவார்கள். சிலருக்கு அது வேண்டாம். இரண்டும் சரிதான். நீங்களாக அந்தச் சொல்லை முன்மொழியாதீர்கள். தொழுநோயிலிருந்து குணமான தையல்காரர் ஒருவர் தனக்கு வைத்துக்கொண்ட தலைப்பு: ‘கை கொடுக்கலாமா?’

## 5. ஒப்புதல் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழில், பேசுகிற மாதிரி எழுதுங்கள். இவை இருக்க வேண்டும்:

- எந்தப் பெயரில் வருகிறார் (புனைபெயரும் சரி)
- எதைப் பற்றிப் பேசுவார், எதைப் பேச மாட்டார்
- புகைப்படம், ஒலிப்பதிவு, வீடியோ கிடையாது
- எந்த நேரத்திலும், நிகழ்ச்சி அன்று காலையிலும்கூட, காரணம் சொல்லாமல் விலகலாம்
- விலகினாலும் போக்குவரத்துச் செலவு உண்டு
- அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இருவர் எண்

இரண்டு நகல் எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவரை வைத்து வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் வந்து 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஒருவருக்கு எச்ஐவி இருப்பதை அவருடைய ஒப்புதல் இல்லாமல் வெளியில் சொல்வதை அது தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ம் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையும் விவரத்தையும் அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. ஆகவே “அவரேதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரே” என்று நினைத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது பெரிய தவறு. அவர் அந்த மேசையில், அந்த நான்கு பேரிடம், அந்த அரை மணி நேரத்துக்குச் சொன்னது அது.

குடும்பத்தைப் பற்றியும் கேளுங்கள். அம்மா, தம்பி, பிள்ளைகள் பெயர் கதையில் வருகிறதா? அவர்களுக்குத் தெரியுமா? வீட்டில் யாருக்கும் தெரியாமல் வருகிறவராக இருந்தால் பக்கத்து ஊர் நிகழ்ச்சிக்கு அவரை அனுப்புவது நல்லது.

## 6. ஒத்திகை

ஒவ்வொருவரோடும் இரண்டு முறை உட்காருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம்.

முதல் முறை, வாழ்க்கை வரலாற்றைச் சுருக்குவது. எல்லோரும் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவார்கள். பத்து நிமிடம் கழிந்தும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். “ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள், அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது” என்று கேளுங்கள். அந்தத் தையல்காரர் முதலில் நோயைப் பற்றித்தான் பேசினார்: கூட்டு மருந்து, எத்தனை மாதம், மருந்து தொடங்கியதும் மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும் என்பதெல்லாம். எல்லாம் சரியான தகவல். ஆனால் கேட்ட தன்னார்வலர் முகத்தில் மாற்றம் இல்லை. ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றதும், ஒரு வாடிக்கையாளர் ரவிக்கைத் துணியைக் கையில் கொடுக்காமல் கடைப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு, அளவு ரவிக்கையைக் குச்சியால் தள்ளியதைச் சொன்னார். அவர் அதை எடுத்து மடித்து, தைத்து, தேய்த்துக் கொடுத்திருக்கிறார். தைத்த கூலியையும் பலகையில்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அந்த அம்மாள். சொல்லி முடித்ததும் மடங்கிய இரண்டு விரலை நீட்டி, ஊசி கோப்பது எப்படி என்று காட்டினார். அதற்கப்புறம் மருந்தைப் பற்றி அந்தத் தன்னார்வலரே கேட்டார்.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மயாமியில் வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம்போல் பேசியதில் திருநர்கள் மீதான தப்பெண்ணம் குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் அந்தக் குறைவு நிலைத்தது. 2020இல் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், தீர்ப்புச் சொல்லாமல் கதையைப் பரிமாறிக்கொண்ட உரையாடல்தான் பலன் தந்தது, வாதம் மட்டும் செய்த உரையாடல் தரவில்லை. அனுமதிக் கடிதத்தில் ஆய்வு எதையாவது சேர்க்க விரும்பினால் இவற்றைச் சேருங்கள். இதே பொருளில் 2014இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வு, தரவில் மோசடி என்று 2015இல் திரும்பப் பெறப்பட்டது. பழைய கட்டுரைகளில் இன்னும் அதைத்தான் எடுத்துப் போடுகிறார்கள், கவனம்.

இரண்டாம் ஒத்திகை கேள்விகளுக்கு. ஊர் கேட்கப்போகும் கேள்விகளை மென்மையாக்காமல் கேளுங்கள். “ஆபரேஷன் பண்ணிட்டீங்களா?” “எதுக்கு உள்ள போனீங்க?” “மறுபடி குடிக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?” எதற்குப் பதில் சொல்வார், எதற்கு மாட்டார் என்று அப்போது தெரியும். “இதைப் பத்தி நான் பேச விரும்பல, வேற கேளுங்க” என்ற வாக்கியத்தை அவர் வாயால் நான்கைந்து முறை சொல்லிப் பழகட்டும். எளிதாகத் தெரியும், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே பழகியவருக்கு அந்த வாக்கியம் வாயில் வராது.

‘புத்தகமாக’ வருகிறவருக்கு வாசகரின் கதையையும் வாங்கத் தெரிய வேண்டும். “உங்களை யாராவது இப்படித் தள்ளி வெச்சிருக்காங்களா?” என்று அவர் திருப்பிக் கேட்டால் மேசையின் நிலைமையே மாறும். எதிரே உட்கார்ந்த கணவனை இழந்த பெண்ணுக்கும், கறுப்பு என்று சீண்டப்பட்ட பையனுக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும்.

## 7. செலவு

பெரும் செலவு ‘புத்தகங்களின்’ அன்றைய கூலி. டென்மார்க் முறையில் அவர்கள் தன்னார்வலர்கள்தான். ஆனால் தினக்கூலிக்காரரை ஒரு நாள் இலவசமாக உட்கார வைப்பது நியாயம் இல்லை. இழக்கும் கூலியைக் கேட்டு, அதே தொகையைக் கொடுங்கள். எங்களுக்கு ஆளுக்கு 600 முதல் 800 ரூபாய் ஆனது. கவரில் போட்டு, நிகழ்ச்சி தொடங்கும் முன், தனியாக. எல்லோர் முன்னும் கொடுத்தால் அது தானம் மாதிரி ஆகிவிடும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் அதே தொகை. போக்குவரத்து ஆளுக்கு 200 ரூபாய். மாலை தாமதமாகிவிட்டால் ஆட்டோவுக்குத் தனியாக வைத்திருங்கள். டீ, வடை இரண்டு வேளைக்கு 1,500 ரூபாய். மதியச் சாப்பாடு இருபது பேருக்கு 2,000 ரூபாய். அட்டை, நகல், பதிவேடு 500 ரூபாய். பேனர் ஒன்று போதும். நாற்காலி நூலகத்திலேயே இருக்கும், போதாவிட்டால் வாசகர் வட்ட உறுப்பினர் வீடுகளிலிருந்து வாங்குங்கள்.

ஒரே புரவலரிடம் முழுத்தொகையையும் வாங்காதீர்கள். பேனரில் அவர் படம் பெரிதாக வரும், அப்புறம் யார் ‘புத்தகம்’ என்பதிலும் அவர் கருத்துச் சொல்வார். இருபது பேரிடம் ஐந்நூறு ஐந்நூறாக வாங்கினோம். வரவு செலவை நோட்டில் எழுதி அன்று மாலையே வாசித்துவிட்டோம்.

## 8. அன்றைய நாள்

காலை 10 முதல் மதியம் 3 வரை. ஒரு வாசிப்பு 25 நிமிடம், இடையில் பத்து நிமிடம் ஓய்வு. ஒருவர் நான்கு வாசிப்புக்கு மேல் செய்யக் கூடாது. மூன்றே போதும் என்பேன். ஒரே வலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது உடம்பையே அடிக்கும். ஓய்வெடுக்கத் தனி அறை ஒன்று, வாசகர்கள் நுழையாதபடி.

ஒரு மேசைக்கு நான்கு வாசகர்கள் வரை. அதற்கு மேல் போனால் விசாரணைக் கமிஷன் மாதிரி ஆகிவிடும். பள்ளி மாணவர்கள் வந்தால் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் மட்டும், ஆசிரியர் வேறு மேசையில்.

நாற்காலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டீக்கும் ஒரே மாதிரி டம்ளர், ஒரே தட்டிலிருந்து. இரட்டைக் குவளை இருந்த ஊர்களில் வாழ்கிறவர்கள் இதைக் கவனிப்பார்கள், நீங்கள் கவனிக்காவிட்டாலும். வாசகர்களும் ‘புத்தகங்களும்’ சேர்ந்தே சாப்பிடட்டும். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொன்னார்: வேறுபட்ட குழுக்கள் சந்திப்பதால் தப்பெண்ணம் குறைய வேண்டுமானால், அந்தச் சந்திப்பில் இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும். ஒருவர் மர நாற்காலியிலும் இன்னொருவர் முக்காலியிலும் உட்கார்ந்தால் அந்தச் சமம் அங்கேயே போய்விடும்.

வாசலில் பதிவேடு. வாசகர் தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் பெயர் எழுதியதும் ஒரு தன்னார்வலர் விதிகளை வாயால் சொல்ல வேண்டும்: போனை அணைத்துப் பையில் வையுங்கள், எதையும் கேட்கலாம், பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், அறிவுரை சொல்லாதீர்கள், கேட்ட கதையை வெளியில் பெயரோடு சொல்லாதீர்கள். அச்சடித்துக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை.

இரண்டு மேசைக்கு ஒரு தன்னார்வலர் காது கேட்கும் தூரத்தில் நிற்கட்டும். ‘புத்தகம்’ தண்ணீர் பாட்டிலை மேசையின் இடது ஓரத்துக்கு நகர்த்தினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். இப்படி ஏதாவது ஒரு சைகையை முன்பே பேசி வையுங்கள்.

சிறப்பு விருந்தினர் வேண்டாம். இதில் உறுதியாக நில்லுங்கள். சிறப்பு விருந்தினர் என்றால் வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ என்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதற்குள் ‘புத்தகங்கள்’ ஓரமாக நின்று களைத்திருப்பார்கள். உள்ளூர்ப் பிரமுகர் வருவதாகச் சொன்னால் “வாசகராக வாங்க, முதல் வாசிப்பிலேயே ஒரு இடம் வைக்கிறோம்” என்று சொல்லுங்கள். வந்த பேரூராட்சி உறுப்பினர் ஒருவர் தூய்மைப் பணியாளர் எதிரே 25 நிமிடம் உட்கார்ந்தார். எந்தத் தெருவில் உடைந்த கண்ணாடியைப் பிரிக்காமல் மக்கும் குப்பையோடு கட்டிப் போடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

பத்திரிகையாளர் வந்தால் அவரும் வாசகர்தான். பேனா, கேமரா வெளியே. செய்தி வேண்டுமானால் அமைப்பாளர் பேசலாம்.

## 9. பேச்சு கசந்தால்

அறியாமல் கேட்கிற கேள்வியையும் அவமதிப்பதற்காகக் கேட்கிற கேள்வியையும் பிரித்துப் பாருங்கள். “நீங்க ஆம்பளையா பொம்பளையா” என்று ஒரு பாட்டி கேட்டால் அது பெரும்பாலும் முதல் வகை. ஒத்திகை பார்த்தவர் அதைச் சமாளிப்பார். நீங்கள் குறுக்கே பாய்ந்து பாட்டியைத் திருத்தினால் பேச்சு அங்கேயே செத்துப்போகும்.

அடுத்தவரைப் பேசவிடாமல் தானே பேசுவது, வேத வசனமோ சட்டமோ காட்டி வாதிடுவது, தொடுவது, கேலியாகச் சிரிப்பது, போன் நம்பர் கேட்பது இவை இரண்டாம் வகை. தன்னார்வலர் மேசைக்குப் போய் “உங்க நேரம் முடிஞ்சுதுங்க, வாங்க டீ சாப்பிடலாம்” என்று கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அங்கேயே நியாயம் கேட்காதீர்கள், வெளியில் போய்ப் பேசலாம். சத்தம் போடுகிற அளவுக்குப் போனால் நூலகரைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அவர் அங்கே இருப்பதை முன்பே உறுதி செய்திருக்க வேண்டும்.

வாசகர் அழுவதும் உண்டு. அப்போது ‘புத்தகம்’ ஆறுதல் சொல்லும் வேலையில் மாட்டிக்கொள்வார். அதையும் தன்னார்வலர்தான் ஏற்க வேண்டும்.

## 10. முடிந்தபின்

அன்று மாலை எல்லோரும் கிளம்பும் முன் ‘புத்தகங்களோடு’ அரை மணி நேரம் உட்காருங்கள். எந்தக் கேள்வி உறுத்தியது, எந்த வாசகரைப் பிடித்தது என்று அவர்கள் பேசட்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைப் போன் செய்து உறுதி செய்யுங்கள். மறுநாள் ஒரு போன், ஒரு வாரம் கழித்து இன்னொரு போன். பழையதைக் கிளறியதில் தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உதவி தேவைப்பட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

வாசகர்களிடம் சிறு அட்டை ஒன்று கொடுத்து இரண்டே கேள்வி கேளுங்கள்: இன்று எது உங்களுக்குப் புதிது? எந்தத் தலைப்பை அடுத்த முறை வாசிக்க விரும்புகிறீர்கள்? “உங்கள் மனம் மாறியதா” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ‘ஆமாம்’ என்றுதான் எழுதுவார்கள். எங்களுக்கு வந்ததில் ஓர் அட்டையில் “அந்தத் தையல் கடை எங்கே இருக்கிறது?” என்று மட்டும் எழுதியிருந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் முகவரி கொடுத்தோம்.

‘புத்தகங்களின்’ போன் எண்கள் உங்கள் ஒருவர் போனில் மட்டும் இருக்கட்டும். தன்னார்வலர்கள் தங்கள் போனிலிருந்து அழித்ததை நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். வாசகர் பதிவேட்டை நூலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஒரு வாரத்துக்குள் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்க அறிக்கை கொடுங்கள்: எத்தனை வாசகர்கள், எத்தனை வாசிப்புகள், வரவு செலவு, புதிதாக எத்தனை பேர் நூலக உறுப்பினர் ஆனார்கள். இந்தக் கடைசி எண்ணிக்கை அவர்களுக்கு முக்கியம், அதனால் உறுப்பினர் படிவத்தையும் அன்று வாசலிலேயே வைத்திருங்கள். அறிக்கையின் நகலிலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அனுமதிக் கடிதத்தோடு அந்த நகலை இணைத்தால் பதில் சீக்கிரம் வரும்.